ஆறாம் எண் சட்டைக்கு முன்னால் ஒரு நூற்றாண்டு: சியா கொலிசியும் கிழக்குக் கேப் ரக்பியும்

தென்னாப்பிரிக்க ரக்பியைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரு சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்துக்கு நெல்சன் மண்டேலா அணிந்து வந்த ஆறாம் எண் பச்சைச் சட்டை அது. அணித்தலைவர் பிரான்சுவா பியனாரின் எண். 24 ஆண்டுகள் கழித்து, யோகஹாமாவில் அதே எண்ணை முதுகில் தாங்கி சியா கொலிசி உலகக்கோப்பையை உயர்த்தினார். மண்டேலா விதைத்தார், கொலிசியில் விளைந்தது என்று கதை முடிந்துவிடும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்லும்போது கறுப்பின மக்கள் 1995க்குப் பிறகு யாரோ கைபிடித்து அழைத்து ரக்பிக்கு வந்தவர்களாகிவிடுகிறார்கள். கொலிசி பிறந்த கிழக்குக் கேப் மாகாணத்தின் வரலாறு இதற்கு நேர்மாறு. அவருடைய தொழில்முறை வாழ்க்கையை அந்த மண்ணின் மரபோடு சேர்த்துப் படித்தால்தான் அவர் ஏறி வந்த படிகளும், இடையில் காணாமல்போன படிகளும் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்குக் கேப்பில் கிறித்தவ மிஷன் பள்ளிகள் வலுவாக இருந்தன. லவ்டேல், ஹீல்ட்டவுன் போன்ற அந்தப் பள்ளிகளில் படித்த கோசா இன இளைஞர்கள் ஆங்கிலத்தோடும் பைபிளோடும் கிரிக்கெட்டையும் ரக்பியையும் கற்றார்கள். மண்டேலா படித்ததும் ஹீல்ட்டவுனில்தான். போர்ட் எலிசபெத்தில் ஆப்பிரிக்கர்களின் யூனியன் ரக்பி கிளப் 1887இல் தொடங்கப்பட்டது. வெள்ளையர்களின் தேசிய ரக்பி வாரியம் அமைந்தது 1889இல். அதாவது, பிற்காலத்தில் ஸ்பிரிங்பாக்ஸ் என்று உலகம் அறிந்த அணியை நடத்திய வாரியத்தைவிட இந்தக் கறுப்பர் கிளப் இரண்டு ஆண்டுகள் மூத்தது.

1897இல் வெள்ளையரல்லாதவர்களுக்கான தேசிய வாரியம் ஒன்று உருவானது. அதன் போட்டிக்குக் கோப்பை கொடுத்தவர் செசில் ரோட்ஸ். கறுப்பர்களின் நிலத்தையும் வாக்குரிமையையும் சுருக்கியதில் பெரும்பங்கு வகித்த மனிதரின் பெயரிலேயே அவர்கள் பல காலம் ரக்பி ஆடினார்கள். வரலாற்றுக்கு இப்படியும் ஒரு குசும்பு உண்டு. 1935இல் ஆப்பிரிக்கர்களுக்கென்று தனி வாரியமும் வந்தது. வெள்ளையர்களுக்கு கரி கோப்பை, மற்றவர்களுக்கு வேறு கோப்பைகள். அந்த வேறு கோப்பைகளின் ஆட்டங்கள் பெரும்பான்மை வெள்ளையர் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் இடம்பெறவில்லை. 1950களில் கிரிக்கெட், ரக்பி இரண்டிலும் ஆப்பிரிக்கர்களின் தேசிய அணிகளுக்கு ஆடியவர் போர்ட் எலிசபெத்தின் எரிக் மஜோலா. அவர் தலைமுறையில் ஒருவருக்குக்கூட ஸ்பிரிங்பாக் சட்டை கிடைக்கவில்லை.

1970களில், கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட போர்ட் எலிசபெத் டவுன்ஷிப் குடியிருப்புகளில் க்வாரு என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட க்வாசகேலே ரக்பி சங்கம் எழுந்தது. அதன் தூணாக நின்றவர் டான் கெகே. நிறத்தின் பெயரால் பிரிந்து ஆடுவதில்லை என்பது இந்தச் சங்கத்தின் உறுதி. 1976 அக்டோபரில் சீக்கி வாட்சன் உள்ளிட்ட சில வெள்ளை வீரர்கள் நிறவெறிச் சட்டங்களை மீறி டவுன்ஷிப்புக்குள் வந்து கறுப்பு வீரர்களோடு ஆடினார்கள். நாட்டையே உலுக்கிய ஆட்டம் அது. இன்றும் ஸ்விடே என்ற டவுன்ஷிப்பில் டான் கெகே பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் உலகம் ஸ்பிரிங்பாக்ஸை ஒதுக்கத் தொடங்கியிருந்தது. 1981இல் எரால் டோபியாஸ் அயர்லாந்துக்கு எதிராக ஆடி, டெஸ்ட் விளையாடிய முதல் வெள்ளையரல்லாத ஸ்பிரிங்பாக் ஆனார். அந்தத் தேர்வைச் சிலர் வரவேற்றார்கள். நிறவெறியற்ற சங்கத்தினரில் பலர் கண்துடைப்பு என்றார்கள். இரண்டுமே உண்மை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவர் தகுதியால் வந்தவர். ஆட்சி அவரைத் தன் முகப்பூச்சாகப் பயன்படுத்திக்கொண்டதும் நடந்தது.

1992இல் வாரியங்கள் ஒன்றாயின. 1995இல் உலகக்கோப்பை. இந்த இரண்டையும் எல்லாரும் எழுதுகிறார்கள். அதே 1995இல் நடந்த மூன்றாவது ஒன்றுதான் கொலிசி போன்றவர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது: ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது.

உலகக்கோப்பை இறுதிப்போட்டிக்கு முந்தைய நாள், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டு வாரியங்களும் ரூபர்ட் முர்டோக்கின் நிறுவனத்தோடு பத்தாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தன. மதிப்பு சுமார் 55 கோடி அமெரிக்க டாலர். மறுபக்கம், கெர்ரி பேக்கரின் ஆதரவோடு ஒரு போட்டி அமைப்பு வீரர்களை மொத்தமாக விலைபேசிக்கொண்டிருந்தது. மண்டேலாவிடம் கோப்பை வாங்கிய அதே பியனாரும் சகாக்களும் அந்தப் பேரத்தின் நடுவில் இருந்தார்கள் என்பதை, அந்த வெற்றியைப் படமாக்கிய சினிமாக்காரர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். கடைசியில் வீரர்கள் வாரியத்தோடு கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட் மாத இறுதியில் சர்வதேச வாரியம் அமெச்சூர் விதியைக் கைவிட்டது. 1996இல் அந்த மூன்று நாட்டு அணிகள் மோதும் சூப்பர் 12 தொடர் (பின்னாளில் சூப்பர் ரக்பி) தொடங்கியது.

இதன் விளைவு கிழக்குக் கேப் கிளப்புகளுக்கு நல்லதாக அமையவில்லை. மக்கள் தாங்களே சந்தா போட்டு நடத்திய கிளப்புகள் அவை. இணைப்புக்குப் பிறகு அவர்களுடைய சங்கங்கள் மறைந்தன. பணமோ பெருநகர அணிகளுக்கும், அந்த அணிகளுக்கு இளைஞர்களைத் தயாரித்துத் தரும் பழைய வெள்ளையர் பள்ளிகளுக்கும் போனது. கறுப்பு வீரர் ஒருவர் தொழில்முறைக்குள் நுழையத் தன் கிளப்பை நம்பிப் பயனில்லை என்றானது. 1995 உலகக்கோப்பை அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். கோசா இனத்திலிருந்து முதல் டெஸ்ட் வீரராக காயா மலோட்டானா களமிறங்கியது 1999இல். அவருக்கு வாய்த்தது அந்த ஒரே டெஸ்ட்.

இந்தப் பின்னணியில்தான் சியா கொலிசி வருகிறார். பிறந்தது 1991 ஜூன் 16, ஸ்விடேவில். மறுநாள் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் மக்களை நிறவாரியாகப் பதிவுசெய்யும் சட்டத்தை நீக்கியது. பெற்றோர் இருவரும் அப்போது பதின்வயதினர்; பாட்டிதான் வளர்த்தார். விளையாட்டுக் கார் வாங்க வழியில்லாமல் செங்கல்லை உருட்டி விளையாடியதையும், பசித்த நாட்களில் சர்க்கரைத் தண்ணீர் குடித்ததையும் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அருகிலிருந்த ஆப்ரிக்கன் பாம்பர்ஸ் கிளப்பில் பந்தைத் தொட்டார். அங்கே அவரைக் கண்டெடுத்தவர் எரிக் சோங்விக்கி என்ற பள்ளி ஆசிரியர். க்வாரு காலத்து மரபு இப்படிப்பட்ட ஆசிரியர்களிடமும் தெருக் கிளப்புகளிடமும்தான் மிச்சமிருந்தது. மாகாண அளவிலான முதல் தேர்வுக்குப் போனபோது அரைக்கால்சட்டை இல்லாததால் உள்ளாடையோடு ஆடினார் சிறுவன் கொலிசி.

12 வயதில், மொசல் பே நகரில் நடந்த ஒரு போட்டியில் கிரே பள்ளியின் கண்ணில் பட்டார். 1856இல் தொடங்கிய அந்தப் பள்ளி ஸ்விடேவிலிருந்து தூரத்தில் பெரிய தொலைவில்லை. வாழ்க்கையில் வேறு கண்டம். உதவித்தொகை கிடைத்தது. மூன்று வேளைச் சாப்பாடு, காலணி, பயிற்சியாளர், உடற்பயிற்சிக்கூடம், கூடவே ஆங்கிலம். அங்கிருந்து கிழக்கு மாகாணத்துக்காக கிரேவன் வாரத்தில் ஆடினார். 1964 முதல் நடக்கும் இந்தப் பள்ளிப் போட்டிதான் தென்னாப்பிரிக்க ரக்பியின் மாப்பிள்ளை பார்க்கும் படலம். தொழில்முறை அணிகளின் ஆட்கள் ஓரத்தில் நின்று குறிப்பெடுப்பார்கள். கேப் டவுனின் வெஸ்டர்ன் புராவின்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே பொறுப்பிலிருந்த ராசி எராஸ்மஸும் போர்ட் எலிசபெத்துக்குப் பக்கத்து டெஸ்பாட்ச் ஊர்க்காரர். இரண்டு பேரும் பின்னால் ஒன்றாகவே உச்சிக்குப் போனார்கள்.

2012இல் கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ் அணிக்காக சூப்பர் ரக்பி. 2013 ஜூன் 15 அன்று நெல்ஸ்பிரூட்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ஆர்னோ போட்டா காயமடைய, மாற்று வீரராக இறங்கி ஆட்ட நாயகன் ஆனார். அதன்பின் சில ஆண்டுகள் பெரும்பாலும் மாற்று வீரர் பெஞ்சுதான். 2015இல் ஜப்பானிடம் 34-32 என்று தோற்ற அணியிலும், 2017இல் நியூசிலாந்திடம் 57-0 என்று நொறுங்கிய அணியிலும் அவர் இருந்தார். அவருடைய இடம் ஃபிளாங்கர். எதிராளி கீழே விழுந்ததும் முதலில் போய்ப் பந்தைப் பறிக்க வேண்டும், பறிக்க முடியாவிட்டால் தாமதப்படுத்த வேண்டும். ஆட்டம் முழுவதும் விழுந்து எழும் வேலை. ஸ்கோர் பலகையில் பெயர் வருவது அபூர்வம்.

2018 மே மாதம், தேசிய அணியின் பயிற்சியாளராகியிருந்த எராஸ்மஸ் அவரைத் தலைவராக அறிவித்தார். டெஸ்ட் அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். ஜூன் 9 அன்று எல்லிஸ் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே அணி 24-3 என்று பின்தங்கியது. 42-39 என்று வென்று முடித்தது. 2019 நவம்பர் 2 அன்று யோகஹாமாவில் அதே இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்தியது. கொலிசிக்கு அது 50ஆவது டெஸ்ட். 2007 இறுதிப்போட்டியை வீட்டில் டிவி இல்லாததால் டவுன்ஷிப் மதுக்கடையில் பார்த்ததாகச் சொன்னவர் அவர். அப்போது வயது 16.

இறுதிப்போட்டிகளில் முதல் பதினைவரில் இடம்பெற்ற வெள்ளையரல்லாதவர்களின் எண்ணிக்கை 1995இல் 1, 2007இல் 2, 2019இல் 6. இட ஒதுக்கீட்டு இலக்குகளின் பலன் என்று சிலர், திறமையின் பலன் என்று சிலர். கொலிசியின் கருத்து இரு தரப்பாருக்கும் முழுதாக ருசிக்கவில்லை. 2019இன் தொடக்கத்தில் ஜப்பானியச் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், மண்டேலா ஒதுக்கீட்டை ஆதரித்திருப்பார் என்று தான் நினைக்கவில்லை என்றார். கண்டனங்கள் பறந்தன. ஆனால் அதே பேட்டியில் அவர் சொன்ன இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை: மாற்றம் டவுன்ஷிப் பள்ளிகளிலும் கிராமங்களிலும் தொடங்க வேண்டும், ஆங்கிலப் பள்ளிக்குப் போகாமலிருந்தால் தனக்கு ஒழுங்கான சாப்பாடே கிடைத்திருக்காது, உடம்பே வளர்ந்திருக்காது. இந்த வரலாற்றின் மையக்கேள்வி அதுதான்.

அந்தப் பள்ளிப் பாதை இல்லாமல் வந்தவர் ஒருவரும் யோகஹாமாவில் இருந்தார். கிழக்குக் கேப்பின் சோலோம்ன்கா கிராமத்து மகசோலே மபிம்பி. பெயர்பெற்ற ரக்பிப் பள்ளி எதிலும் படிக்காதவர். முதல் டெஸ்ட் ஆடும்போது வயது 28ஐ நெருங்கியிருந்தது. உலகக்கோப்பை இறுதிப்போட்டிகளில் தென்னாப்பிரிக்காவின் முதல் டிரை (எதிரணிக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பது) அன்று அவர் வைத்ததுதான். கொலிசி 21 வயதில் எட்டிய இடத்துக்கு மபிம்பி வர ஆறேழு ஆண்டுகள் கூடுதலாகின. இந்த இடைவெளியைத் திறமையால் விளக்க முடியாது.

பிறகு கொலிசியின் வாழ்க்கை நவீனத் தொழில்முறை வீரரின் வழக்கமான தடத்தில் ஓடியது. இசைக் கலைஞர் ஜே-ஸீயின் ராக் நேஷன் நிறுவனம் அவருடைய முகவரானது. 2021இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் பெரும்பங்கை வாங்கியிருந்த டர்பனின் ஷார்க்ஸ் அணிக்கு மாறினார். அதே ஆண்டு பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் அணியுடனான தொடரை அவர் தலைமையில் ஸ்பிரிங்பாக்ஸ் 2-1 என்று வென்றது. 2023 ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்தது. உலகக்கோப்பை கைநழுவியது என்றே பலரும் முடிவுகட்டினார்கள். ஆகஸ்டில் திரும்பிவந்தார். காலிறுதி 29-28, அரையிறுதி 16-15, இறுதி 12-11: மூன்றும் ஒரே புள்ளியில். இறுதியில் மஞ்சள் அட்டை வாங்கிப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்த தலைவர்தான் கடைசியில் கோப்பையை வாங்கினார். பிறகு பாரிஸின் ரேசிங் 92, யூரோவில் சம்பளம். ஒரே பருவத்தில் மனம் மாறி 2024இல் மறுபடியும் டர்பன்.

கேப் டவுன், டர்பன், பாரிஸ், டர்பன். இந்தப் பட்டியலில் போர்ட் எலிசபெத் இல்லை. 2021இல் க்கெபெர்ஹா என்று பெயர் மாறிய அந்த நகருக்கு ஒரு தொழில்முறை அணி இருக்கத்தான் செய்தது. சதர்ன் கிங்ஸ் 2013இல் சூப்பர் ரக்பிக்குள் வந்து ஒரே பருவத்தில் வெளியேற்றப்பட்டது. 2016இல் திரும்பியது, 2017க்குப் பிறகு மறுபடியும் வெட்டப்பட்டது. ஐரோப்பியத் தொடருக்கு அனுப்பப்பட்டு அங்கும் தோல்வி மேல் தோல்வி. நிர்வாகக் குளறுபடியும் கடனும் சேர்ந்து 2020 செப்டம்பரில் கலைக்கப்பட்டது. மபிம்பி தேசத்தின் கண்ணில் பட்டது இந்த அணிக்காக 2017இல் ஆடியபோதுதான் என்பதை யாரும் கணக்கில் வைத்ததாகத் தெரியவில்லை.

ஸ்பிரிங்பாக்ஸின் முகம் மாறியது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாறியது உச்சி. கண்ணில் பட்ட ஒரு சிறுவனை உதவித்தொகை கொடுத்துத் தூக்கிச் செல்லும் முறை வெற்றி பெற்றிருக்கிறது. அவன் விட்டுவந்த இடத்திலேயே ஆட்டத்தை வளர்க்கும் முறை தோற்றிருக்கிறது. ஐரோப்பிய அணிகளோடு மோதும் யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப் தொடரில் ஆடும் தென்னாப்பிரிக்க அணிகள் நான்கு: கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ், டர்பனின் ஷார்க்ஸ், பிரிட்டோரியாவின் புல்ஸ், ஜோகன்னஸ்பர்க்கின் லயன்ஸ். 1887இலிருந்து ரக்பி ஆடிவரும் கிழக்குக் கேப்பின் கறுப்பின மக்களுக்கு அந்த நான்கில் ஒன்றுகூடச் சொந்த ஊர் அணி இல்லை.