கட்டுமரத்தில் எஞ்சினை எங்கே மாட்டுவது?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் படகுன்னா நமக்கு ஒகேனக்கல் பரிசல்தான். இன்னைக்குக் கதை குமரி மாவட்டத்து முட்டம்.

1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் அவுட்போர்டு எஞ்சினை உருவாக்கினார். படகின் பின்பலகையில் மாட்டினால் போதும். ஆனா கட்டுமரத்துக்குப் பின்பலகையே கிடையாதே! மரங்களைக் கயிற்றால் கட்டியதுதானே அது. அதனால் எஞ்சினுக்கு ஏற்றபடி படகையே மாற்ற வேண்டியிருந்தது. பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளை உருவாக்கினார். அந்த அனுபவத்தை 1985-ல் நூலாக்கினார். தலைப்புக்குப் பொருள், 'சிறியது கடினம்'. ஷூமாகரின் 'சிறியதே அழகு'க்கு ஒரு குறும்புப் பதில்!

பாய்க்குக் காற்று இலவசம். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேணும். மீன் படாத நாளிலும் எண்ணெய்க் கடன் நிக்கும். வேகம் வந்துச்சு, கூடவே கடன் நோட்டும் வந்துச்சு.