ஊவா மலைகளில் ஆட்டம் கண்டவர்கள்

மலைநாட்டில் அரிதாகக் கிடைப்பது சமநிலம். ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், பதுளை ஓயா வளைந்தோடும் பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். அதற்கு மேலே 2,036 மீற்றர் உயரத்தில் நமுனுகுலை நிமிர்ந்து நிற்கிறது. நகரைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலை. ஒரு பந்தைக் கீழே வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கக்கூடிய நிலம் எவ்வளவு இருக்கும்? இருந்த சிறிதளவு யாருடைய கையில் இருந்தது? ஊவாவில் விளையாட்டுக் கண்டவர்களின் வரலாற்றை எழுதப் புகுபவர் இவ்வினாக்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விளையாடியவர்களின் வரலாறு எளிதில் கிடைக்கிறது. ஓட்டக் கணக்கும் வெற்றிக் கிண்ணமும் ஏட்டில் பதிவாகின்றன. பார்த்தவர்களுக்கு ஏடு இல்லை. ஆயினும் பார்ப்பவர் கூட்டத்தைத் தமிழ்ப் புலவர் மறந்தாரல்லர். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவும் களத்தைப் பாடியவர், பரண் மீது நின்று நோக்கும் ஆயர் மகளிரையும் சேர்த்தே பாடினார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரின் மற்போரைக் காட்டுகிறது. காண்பார் இல்லாத களத்தை அப்புலவர்கள் களமாகவே கொள்ளவில்லை போலும்!

நம் காலத்துப் பொருளில் விளையாட்டுப் பார்வையாளர் என்னும் பெருங்கூட்டம் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் தோன்றியது. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்வதைத் தடுத்தது. அதனால் ஆலைகளே அந்நேரத்தில் ஓயத் தொடங்கின. அரைநாள் ஓய்வு கிடைத்தது, கூலியில் சில காசு மிஞ்சியது, இரயில் ஓடியது. இம்மூன்றும் கூடியபோது உதைபந்தாட்டத் திடல்களில் பல்லாயிரவர் திரண்டனர். 1888இல் அங்கு உதைபந்தாட்டக் கழகங்களின் தொடர்போட்டி தொடங்கியதும் அக்கூட்டத்தை நம்பித்தான். ஓய்வு, காசு, வழி ஆகிய இந்த மூன்றில் ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கு எது இருந்தது?

வழி மெல்ல வந்தது. கொழும்பிலிருந்து மலையேறிய இரயில் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர அதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. எல்லைக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையில் தன்னையே சுற்றிக் கீழிறங்கும் வளையப் பாதையும் கட்டி முடித்து, 1924இல் இரயில் பதுளை நிலையத்தில் வந்து நின்றது. அது வந்தது தேயிலைப் பெட்டிகளுக்காக. மனிதர் ஏறிக்கொண்டது அதற்குப் பின்னிணைப்பே.

ஊவாவோடு தொடர்புடைய மிகப் புதுமையான ஆட்டம் ஒன்று, பதுளைக்கு இரயில் வருமுன்னரே நடந்தது. தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருடன் போரிட்டுச் சிறைப்பட்ட போயர் வீரர்களை அடைத்து வைக்க, அரசாங்கம் தியத்தலாவைப் புல்வெளியைத் தேர்ந்தது. 1900 ஆகஸ்டில் முதற் கூட்டத்தினர் வந்தனர். இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகை ஏறத்தாழ 5,000. அவர்களுட் பெரும்பாலோர் தியத்தலாவையின் தகரக் கூடாரங்களில், முட்கம்பி வேலிக்குள் வாழ்ந்தனர். பத்தனை எனப்படும் அப்புல்வெளி, தேயிலைச் சரிவுகளைப் போலன்றிச் சற்றே விரிந்து கிடப்பது. வேலிக்குள் அவர்கள் உதைபந்தும் கிரிக்கெட்டும் ஆடிப் பொழுதைக் கழித்தனர். போர் இன்னும் முடியாதிருந்த 1901 ஜூலையில், பி. எச். டி வில்லியர்ஸ் என்பார் தலைமையில் போயர் அணி ஒன்று மலையிறங்கிக் கொழும்புக்குச் சென்று, கோல்ட்ஸ் சங்கத்துடன் கிரிக்கெட் ஆடியது. கோல்ட்ஸ் 1873இல் இலங்கையர் தோற்றுவித்த சங்கம். ஆங்கிலேயரின் கைதிகளும் ஆங்கிலேயரின் குடிகளும், ஆங்கிலேயரின் ஆட்டத்தில், ஆங்கிலேயர் இல்லாமல் மோதினார்கள். வென்றது கோல்ட்ஸ்.

இந்நிகழ்ச்சியை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்து விடுவோர் பலர். ஆயின் தியத்தலாவைக்குப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்களை நினைத்தால் வேடிக்கை குறைகிறது. போர்க் கைதி ஒருவன் அனுமதி பெற்று நூற்றைம்பது மைலுக்கு மேல் இரயிலேறிப் போய் ஆடித் திரும்பினான். அதே மலையின் மறுபக்கத்தில், கங்காணியிடம் பட்ட கடன் குறிக்கப்பட்ட ‘துண்டு’ இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குக்கூட வேலை மாறிச் செல்ல முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. முட்கம்பி யாரைச் சுற்றி இருந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்த வேலியை மட்டும் கொண்டு தீர்மானிக்கத்தக்கதன்று.

தோட்டத் துரைமார் தமக்கெனச் சமநிலத்தை வெட்டி உண்டாக்கிக் கொண்டனர். அண்டை மாவட்டத்தில் திம்புளைச் சங்கம் 1856இலும், டிக்கோயா மஸ்கெலியாச் சங்கம் 1868இலும் எழுந்தன. ஊவாத் துரைமாருக்குப் பதுளையிலே ஊவாச் சங்கம் இருந்தது. கிரிக்கெட், டென்னிஸ், ரக்பி என ஆட்டங்கள் பெருகின. காலனி நாட்களில் இச்சங்கங்கள் ஐரோப்பியருக்கே உரியவை. திடலின் புல்லை வெட்டியவர்களும் உருளை இழுத்தவர்களும் தொழிலாளரே. ஆகவே, ஆட்டத்தை அவர்கள் பார்க்கவில்லை என்று சொல்வது பிழையாகும். பார்த்தார்கள், வரப்புக்கு அப்பால், கையில் வேலையோடு பார்த்தார்கள். ஆட்டம் காண வந்தவருக்கு நாற்காலி உண்டு. வேலை செய்ய வந்து ஆட்டம் கண்டவருக்கு அது இல்லை.

தோட்டத்துக்குள் தொழிலாளருக்கென்றிருந்த சமநிலம் பிரட்டுக்களம் ஒன்றே. விடியலில் தப்பு முழங்க ஆணும் பெண்ணும் வந்து நின்று பெயர் கொடுத்து வேலைக்குப் பிரியும் இடம் அது. மாலையில் இளைஞருக்கு அதுவே ஆடுகளம். மாசி மாதத்தில் காமன் கூத்து நடப்பதும் அத்தகைய வெளிகளில்தான். சிலம்பமும் சடுகுடுவும் தமிழகத்திலிருந்து உடன் வந்தவை. அவற்றுக்குப் பெரிய இடம் தேவையில்லை. உதைபந்தாட்டத்துக்குத் திடல் நூறு மீற்றர் நீளம் வேண்டும்; சரிவில் அதற்கு எங்கே போவது? பந்து ஒருமுறை எல்லை தாண்டினால் கொழுந்துச் செடிகளுக்கிடையே உருண்டு, கீழ்மலை லயத்தில் போய் நிற்கும். ஆட்டத்திற் பாதி நேரம் பந்து தேடுவதிலேயே கழியும். கரப்பந்தாட்டம் அப்படியன்று. 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் போதும். 1916இல் கிறித்தவ இளைஞர் சங்கத்தைச் சேர்ந்த வால்டர் கமக் என்னும் அமெரிக்கர் இலங்கைக்கு அறிமுகம் செய்த அவ்விளையாட்டு, 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகவே அறிவிக்கப்பட்டது. மலைத் தோட்டங்களில் அது வேரூன்றியதற்கு நிலத்தின் அமைப்பே முதற் காரணம் எனலாம். இரண்டு கம்பமும் ஒரு வலையும் நட்டுவிட்டால் பிரட்டுக்களம் அரங்காகிவிடும்; மேலே ஏறும் சரிவே காண்போருக்குப் படிவரிசை. நகரத்தார் காசு செலவழித்துக் கட்டும் வசதியை மலை இலவசமாகத் தந்தது.

அந்தப் படிவரிசையில் யார் அமர்ந்தனர்? சிறுவரும் ஆடவரும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது ஆடவர் கணக்கு. ஆறு நாளும் கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையில் விறகு உண்டு, துணி துவைத்தல் உண்டு, சந்தைக்குப் போய் வருதல் உண்டு. பதுளைக்குச் சென்று ஆட்டம் பார்த்து வர அவளுக்கு நேரமும் இல்லை, பஸ் கட்டணம் மிஞ்சுவதும் இல்லை. தோட்டத்து விளையாட்டுகளைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த வெற்றிடத்தைக் கவனிப்பதில்லை. முல்லைக்கலிப் பரண் மீது நின்ற பெண்கள், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிந்திய மலைநாட்டில் காணப்படவில்லை என்பது சிறிய செய்தியன்று.

பள்ளிக்கூடங்கள் வேறொரு கூட்டத்தை உண்டாக்கின. இரண்டாம் உலகப் போரின்போது கல்கிசைத் தோமையர் கல்லூரிக் கட்டடங்கள் படையினர் வசமாகவே, அதன் கிளை ஒன்று 1942இல் வெலிமடையை அடுத்த குருத்தலாவையில் எழுந்தது. பதுளையிலும் பண்டாரவளையிலும் இருந்த கல்லூரிகளிடையே ஆட்டங்கள் நடந்தன. பழைய மாணவரும் பெற்றோரும் காண வந்தனர். தோட்டப் பாடசாலையோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஒரே மண்டபம், ஓரிரு ஆசிரியர். அங்கே பயின்ற சிறுவனுக்குக் கல்லூரிக் கொடியும் இல்லை, அதைப் பிடித்துக் கூவும் உரிமையும் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான்.

இதற்கிடையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. பதுளை இரயில் நிலையத்தில் பெட்டி படுக்கையோடு விடைபெற்றுச் சென்ற குடும்பங்கள் பல. நாடற்ற ஒருவர் ஒரு நாட்டின் அணியை ‘நம் அணி’ என்று சொல்ல முடியுமா? சட்டம் என்ன சொன்னாலும், சொன்னார்கள் என்பதே உண்மை. பார்வையாளன் ஆவதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லையல்லவா!

அவ்வாறு சொல்ல வானொலி உதவியது. 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலி என்ற பெயர் பெற்றது. மின்சாரம் எட்டாத லயங்களுக்கு, 1960களில் பரவிய டிரான்சிஸ்டர்ப் பெட்டி ஆட்டத்தைக் கொண்டு சேர்த்தது. ஒரு லயத்தில் ஒரு பெட்டி இருந்தால், அதுவே அனைவர்க்கும் அரங்கு. அடுப்படியில் நின்ற பெண்ணும் முதன்முறையாக அக்கூட்டத்தில் ஒருத்தியானாள். பின்னர் தொலைக்காட்சி வந்தது. 2010 ஜூலை 22ஆம் நாள் காலி மைதானத்தில் முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியபோது, அவருடைய பாட்டனாரும் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரே என்பதை லயங்களில் அறியாதவர் இல்லை. அதற்கு ஏழாண்டு முன்னர், 2003இல்தான், எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியிருந்தது.

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் நேரில் சென்று காணும் ஆசை குறைந்துவிடும் என எண்ணியோர் ஏமாந்தனர். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் கூட்டம் கூடியது. அதனினும் பெருங்கூட்டம் தியத்தலாவையில் கூடியது. போயர் முகாமிருந்த அந்த ஊர் பின்னர் இராணுவப் பயிற்சி நிலையமாயிற்று. அங்குள்ள குன்றொன்றின் மீது வெண்கற்களால் அமைந்த நரியின் உருவம் உண்டு; ‘பொக்ஸ்’ என்னும் பிரித்தானியக் கப்பலின் மாலுமிகள் அமைத்தது என்பர். அதனால் அது ‘பொக்ஸ் ஹில்’. 1993 முதல் அங்கே மண்பாதையில் மோட்டார்ப் பந்தயம் நடத்தப்பட்டது. புழுதி பறக்க வண்டிகள் வளைவில் திரும்புவதைக் காண, சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் சென்றனர். பெண்களும் சென்றனர், குழந்தைகளும் சென்றனர்.

சில ஆண்டுகள் நடைபெறாதிருந்து, 2024 ஏப்ரல் 21ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அப்பந்தயம் மீண்டும் நடந்தது. ஒரு லட்சம் பேர் அளவில் கூடியிருந்தனர் எனச் செய்திகள் கூறின. ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்று பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள் மீது பாய்ந்தது. எழுவர் மாண்டனர், இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் பந்தயப் பணியாளர் நால்வரும் இருந்தனர். கிரிக்கெட் திடலில் எல்லைக் கோடு பந்தை நிறுத்துவதற்கு. வேகப் பந்தயத்தில் அது மனிதரைக் காப்பதற்கு. மண் பாதையின் விளிம்பில், கையை நீட்டினால் வண்டியைத் தொடும் தொலைவில் நிற்பதையே பெருமையாகக் கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாகத் தடுக்கப்படாமலே வளர்ந்திருந்தது. பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது. காயமுற்றோர் தியத்தலாவை, பதுளை மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இராணுவமும் பொலிஸும் விசாரணை தொடங்கின. வாசலில் பிள்ளையைக் காணாமல், மாலை வரை குன்றின் அடியில் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்த ஏட்டிலும் பதிவு இல்லை.