தாத்தாக்களின் சிரிப்பும் வரலாறுதான்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் தாத்தாக்கள் பெரும்பாலும் மூட்டை சுமந்தவர்களாக, சாலை போட்டவர்களாகவே வருகிறார்கள். அது பாதி உண்மை. சிராங்கூன் சாலைக்கு அருகே, ஜாலான் புசாரில் 1923இல் திறந்த நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் ஆட்டபாட்டமும் நடந்தன. 1946இல் மெக்கன்சி சாலையில் ரெக்ஸ் திரையரங்கு வந்தது. உழைத்துக் களைத்தவர்கள் காசு கொடுத்துச் சிரித்த இடங்கள் இவை.

கேளிக்கைக்கு ஆவணம் ஏது என்று கேட்கலாம். நாளிதழ் நினைவஞ்சலியில் தேதிகளும் உறவுப் பட்டியலும் இருக்கும், மனிதரின் குறும்பு இருக்காது. 1979இல் தொடங்கிய அரசின் வாய்மொழி வரலாற்றுப் பணி, மக்களின் நினைவுகளை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்து, அந்தக் குறும்பையும் காக்க வழிகாட்டியது. நினைவு பிசகும்தான், ஆனால் தேதி பிசகிய பேச்சிலும் ஒருவர் எதை ரசித்து வாழ்ந்தார் என்பது தெரியும். நியூ வேர்ல்டு பூங்கா 1987இல் மூடப்பட்டது; அங்கே சிரித்தவர்களின் நினைவும் மறைந்துவிடக் கூடாது. உங்கள் வீட்டுப் பெரியவரின் வேடிக்கைக் கதைகளை இன்றே பதிவு செய்யுங்கள்.