இறப்பர்ப் பாலும் மூளையின் மென்மையும்

சப்பிரகமுவ மாகாணத்தின் மலைச்சாரல்களில், எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிற்றையிலும் எஹலியகொடையிலும், பொழுது புலருமுன்னரே இறப்பர் மரங்களினிடையே ஆள்நடமாட்டம் தொடங்கிவிடும். வெயில் ஏறிய பின் மரத்தினுள் பாலின் அழுத்தம் குறைந்துவிடுமாதலின், விடியற்பொழுதே பால் வெட்டுவதற்கு உகந்தது. அங்குச் சிரட்டையில் சொட்டும் வெண்பாலுக்கும் மனித மூளையைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் தொடர்புண்டென்றால் நேயர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் விஞ்ஞான வரலாறு அத்தொடர்பைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இறப்பர் இலங்கைக்கு வந்த மரம். 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த வித்துக்கள் இலண்டனருகே கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. கங்காணிமாரின் கீழ்த் தமிழகத்திலிருந்து வந்தோர் அவற்றில் உழைத்தனர்.

இழுவிசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்று 1678 இல் ரொபேட் ஹூக் வகுத்த விதி, இரும்புக் கம்பிக்குப் பொருந்தும். தன் நீளத்தினும் பன்மடங்கு நீண்டு மீளும் இறப்பருக்கு அது பொருந்தவில்லை. 1940 இல் அமெரிக்காவில் மெல்வின் மூனி இதற்கொரு புதிய சமன்பாடு கண்டார். இங்கிலாந்தில், பிரித்தானிய இறப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த திரெலோர், இறப்பரைப் பலவாறு இழுத்து அளந்து 1944 இல் அளவீடுகளை வெளியிட்டார். அதே கழகத்தின் றிவ்லின், 1948 இல் பெருநீட்சிக் கொள்கையை முறைப்படி நிறுவினார்.

இக்காலத்திலேயே மூளையும் பொறியியலார் நோக்கிற்கு உட்பட்டது. போர்க்காலத்தில் மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் பலர் தலையடிபட்டு மாண்டனர். அறுவை வைத்தியர் ஹியூ கெயான்ஸ் 1941 இல் தலைக்கவசத்தின் பயனை எடுத்துக்காட்டினார். ஒக்ஸ்போட்டில் ஹோல்போண் என்னும் பௌதிகவியலாளர், ஜெலற்றினால் மூளையின் மாதிரி அமைத்து ஆராய்ந்து, 1943 இல் ஓர் உண்மையை உரைத்தார். மூளை அமுக்கத்தால் எளிதில் சுருங்காது. ஆனால் தலை சடுதியாகச் சுழலும்போது, அடுக்குக்கு அடுக்கு வழுக்கிச் சிதையும் என்பதே அது.

அவ்வழுக்கலை அளவிடுவதெங்ஙனம்? மூளை இறப்பரைக் காட்டிலும் நூற்றுக்கணக்கான மடங்கு மென்மையானது. விரைவாக அழுத்தின் விறைத்தும், மெல்ல அழுத்தின் தளர்ந்தும் நிற்பது. எனினும் இரண்டும் ஹூக்கின் விதிக்கு அடங்காதவை. கன அளவு மாறாது உருமாறுபவை. எனவே இறப்பருக்கென வகுத்த சமன்பாடுகளையே ஆராய்ச்சியாளர் மூளைக்கும் எடுத்தாண்டனர். திரெலோரின் அளவீடுகளோடு ஒப்பிட்டு 1972 இல் ஒக்டன் அமைத்த சமன்பாடு இன்று மூளைத் திசுவுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. இழுக்கும்போதிலும் அமுக்கும்போதே மூளை கூடுதலாக எதிர்ப்பதை அது நன்கு விளக்குகின்றது. 1995 இல் அமெரிக்காவின் மாயோ நிலையத்தைச் சேர்ந்த முத்துப்பிள்ளையும் அவர்தம் தோழரும், உடலை வெட்டாமலே காந்தப் படத்தால் திசுக்களின் விறைப்பை அளக்கும் முறையை வெளியிட்டனர். முதலாசிரியரின் பெயர் தமிழ்ச் செவிக்கு அயலானதன்று. அம்முறை பின்னர் உயிருள்ள மனித மூளைக்கும் விரிந்தது.

றிவ்லின் கொள்கை வெளிவந்த 1948 ஆம் ஆண்டு, மலைநாட்டுத் தமிழர் மறக்கவியலாத ஆண்டுமாகும். அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அக்குறை பெருமளவில் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இறப்பரின் வரலாற்றில் மூனியும் திரெலோரும் றிவ்லினும் பெயர் பெற்றனர். பால் வெட்டியோர் பெயர் தோட்டத்துச் செக்றோலோடு நின்றது. இன்று வீதியில் ஒருவனது தலையைக் காக்கும் அறிவின் ஒரு வேர் இறப்பர் மரத்தடியில் உள்ளது. அம்மரத்தை வளர்த்த கைகளையும் வரலாறு தன் ஏட்டில் எழுதிக்கொள்வதே முறையாகும்.