கசிவு நீருக்குக் கணக்கு எழுதியவர்

மலர்க் குழு நண்பர்கள் "நம் கல்லூரியும் நாட்டின் நீர்வளமும் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது, அணை கட்டியவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதில் தவறில்லை. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-ல் கிண்டிக்குக் குடிவந்து, 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நம் கல்லூரிக்கு அந்தப் பெருமை நிறையவே உண்டு. நாகார்ஜுன சாகரையும் கங்கை – காவிரி இணைப்புத் திட்டத்தையும் சொன்னால் நினைவுக்கு வருகிற டாக்டர் கே.எல். ராவ் இங்கே படித்தவர்தானே!

ஆனால் நான் எழுத விரும்புவது, அணைகளால் பெயர் பெறாத ஒரு பேராசிரியரைப் பற்றி. "வாய்க்காலில் இருந்து கசிந்த தண்ணீர் எங்கே போகிறது?" என்ற ஒரே கேள்வியைக் கண்ணாடிக் குழாயில் தொடங்கி ஒரு முழு ஆற்றுப் படுகை வரைக்கும் துரத்திச் சென்றவர் அவர். அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ஆர். சக்திவடிவேல்தான் அவர். அவருடைய வகுப்பில் உட்காரும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. பொதுப்பணித் துறையில் சேர்ந்த பிறகு, அவர் எழுதியவற்றைப் படித்துத்தான் அவரை அறிந்தேன். படித்தபோதெல்லாம் எங்க ஊர்க் கதையையே யாரோ எழுதியது போல இருந்தது. அதனால் முதலில் எங்க ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். ஊரிலிருந்து மேற்கே முந்தல் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. தமிழ்நாடும் கேரளமும் அங்கே பிரிகின்றன. தண்ணீரும் அங்கேதான் பிரிகிறது. முகட்டுக்கு மேற்கே விழுகிற மழை பூப்பாறைப் பக்கம் இறங்கிப் பன்னியாற்றில் சேர்ந்து, முதிரப்புழை, பெரியாறு வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுவது கொட்டகுடி ஆற்றில் இறங்கிப் போடியையும் தேனியையும் தொட்டு வைகையில் கலக்கிறது. மேலே ஏலத்தோட்டம், தென்மேற்குப் பருவ மழையில் நனைந்து குளிர்ந்து கிடக்கும். கீழே நாங்கள் மழை மறைவுப் பிரதேசம். ஐப்பசி மழையை நம்பிக் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்றால் முதலில் பென்னிகுயிக் பெயரைத்தான் சொல்லுவாங்க. 1886-ல் கையெழுத்தான குத்தகையும், 1895-ல் திறந்த பெரியாறு அணையும், மலையைக் குடைந்து மேற்குத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய சுரங்கமும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர் அணையை முடித்த பிறகு இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் செய்தது கண்ணுக்குத் தெரிகிற வேலை. சக்திவடிவேல் எடுத்துக்கொண்டது கண்ணுக்குத் தெரியாத வேலை.

1960-களில் அவர் ஆராய்ச்சி செய்தது அமெரிக்காவின் பெர்க்லி நகரில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நீரியல் சோதனைக்கூடத்தில். அங்கே ஆற்று மணல் நகர்வில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் இருந்தார். ஆம், அந்த ஐன்ஸ்டைனின் மூத்த மகன்தான். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1970-ல் அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் நீரியல் இதழில் வெளிவந்தது. பொருள் மிக எளியது: உருண்டைகள் அடுக்கிய ஒரு குழாயில் கலங்கல் நீரை விட்டால், வண்டல் எங்கே போய் அடைக்கும்?

அவர் கண்ட விடையைச் சுருக்கமாகச் சொல்லலாம். படுகை மணலின் விட்டம், வண்டல் துகளின் விட்டத்தைப் போல 10 மடங்குக்குக் குறைவாக இருந்தால், வண்டல் உள்ளே போகாது; மேலேயே ஆடை போலப் படியும். 10 முதல் 20 மடங்கு என்றால் உள்ளே புகுந்து இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். நீர் ஊடுருவும் திறன் 7-ல் ஒரு பங்கு, 15-ல் ஒரு பங்கு என்று விழுந்துவிடும். 20 மடங்குக்கு மேல் என்றால் பெரும்பாலான துகள்கள் தண்ணீரோடு கடந்து போய்விடும். நிலத்தடி நீர் படிக்கிறவர்கள் இந்த 10, 20 என்ற எல்லைகளை இன்றும் அவர் பெயரோடு எடுத்தாள்கிறார்கள்.

குழாய்க்குள் நடந்த இந்தச் சோதனைக்கும் நம் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்க ஊர் சம்சாரி யாரைக் கேட்டாலும் சொல்லுவார்: "கம்மா பெருகுனா கெணறு பெருகும்." கண்மாயின் தரை வழியாகக் கசிவதுதான் கீழே ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறுகிறது. மலையில் மண் திறந்து கிடந்தால் வண்டல் இறங்கும்; வண்டல் தரையை அடைத்தால், கண்மாய் நிறைந்திருந்தும் கிணறு வற்றும். தூர் வாரினால் சரியாகிவிடுமா? வண்டல் மேலாடையாகப் படிந்திருந்தால் வாரியதும் ஊற்றுத் திறக்கும். உள்ளே புகுந்து சிக்கியிருந்தால் மேல் மண்ணை எத்தனை லாரி அள்ளினாலும் பயன் குறைவு. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தூர் வாரும் பணிகளைத் தொடங்கியபோது எனக்கு இந்த நினைப்புத்தான் வந்தது. இயந்திரத்தை இறக்குமுன் நாலு இடத்தில் குழி தோண்டி மண்ணைப் பார்ப்பது பத்து நிமிட வேலை. பெர்க்லிக் குழாய் நமக்குச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

தாய்நாடு திரும்பிய பேராசிரியர் கிண்டியில் பணியாற்றிய காலத்தில் அவருடைய கவனம் குழாயிலிருந்து ஏரிக்கு வந்தது. 1980-களில் தமிழ்நாட்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரிகளை நவீனப்படுத்தும் திட்டம் நடந்தது. வாய்க்காலுக்குச் சிமெண்டுப் பூச்சு, மடைக்குப் புதுக் கதவு என்று வேலைகள். நீர்வள மையம் ஏரி நவீனமயம் பற்றி 1982-லேயே கருத்தரங்கு நடத்தியிருந்தது. விவசாயிகளே காலங்காலமாக நிர்வகித்து வந்த ஏரியில் வெளியார் கை வைக்கும்போது எழும் பிரச்சினைகளைப் பற்றி 1987-ல் சி.ஆர். சண்முகம் அவர்களோடு சேர்ந்து எழுதினார். ஏரி என்பது கரையும் மடையும் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள மனிதர்களும்தான் என்ற பார்வை அதில் இருந்தது.

பிறகு அவர் இலங்கை சென்றார். 1984-ல் அங்கே தொடங்கப்பட்ட சர்வதேச நீர்ப்பாசன மேலாண்மை நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. (1998-ல் அது சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் எனப் பெயர் மாறியது.) இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் ஒரு பள்ளத்தாக்குக்குள் சிறு குளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக மாலை கோத்தது போலக் கிடக்கின்றன. இந்தக் குளத் தொடரை ஓர் அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் மத்தும பண்டார 1985-ல் எழுதியிருந்தார். 1996-ல் சக்திவடிவேல், மண்ணியல் அறிஞர் பானபொக்கே முதலியோருடன் சேர்ந்து, அத்தொடர்களில் உள்ள குளங்களைச் சீரமைப்பதற்கு ஒரு வழிமுறையை வகுத்துக் கொடுத்தார். மேல் குளத்தின் கரையை உயர்த்தினால் அந்த ஊருக்கு லாபம். கீழ்க் குளத்துக்கு வர வேண்டிய தண்ணீர் குறையும். ஆகவே ஒரு குளத்தைத் தொடுமுன் தொடர் முழுவதையும் பார். நம் வைகைப் பக்கத்தில் மறுகால் பாயும் கண்மாய்த் தொடர்களுக்கு இது அப்படியே பொருந்தும். மேல் கண்மாயின் கலுங்கை உயர்த்தியதால் வந்த ஊர்ச் சண்டைகளை நம்மில் பலர் பணிக்காலத்தில் பார்த்திருப்போம்.

இந்தப் பயணத்தின் உச்சம் 1999-ல் டேவிட் மோல்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய "நீர்க் கணக்கு" பற்றிய கட்டுரை. நாம் படித்த பாடத்தில், விட்ட தண்ணீரில் பயிருக்குச் சேர்ந்தது எத்தனை சதவீதம் என்பதுதான் பாசனத் திறன், மற்றதெல்லாம் நஷ்டம். அவர்கள் கேட்டார்கள்: நஷ்டம் யாருக்கு?

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். மேல் மடையில் 100 பங்கு தண்ணீர் விடுகிறோம். பயிர் குடித்தது 50. மீதி 50 கசிந்து போனது. திறன் 50 சதவீதம் என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் அந்த 50-ஐக் கீழே ஒருவர் கிணற்றில் இறைத்து, அதில் 25-ஐப் பயிருக்குக் கொடுக்கிறார். இரண்டு வயலையும் சேர்த்துப் பார்த்தால் பயன் 75. இப்போது மேல் வாய்க்காலுக்குப் பூச்சுப் பூசி, மிச்சமான தண்ணீரில் மேலேயே கூடுதல் நிலம் பயிரிட்டால், மேலே திறன் ஏறும். கீழே கிணறு காயும். புதிதாகத் தண்ணீர் உண்டானதா? பெரும்பகுதி கை மாறியதுதான்.

ஆகவே நீர்க் கணக்கில் முதலில் ஒரு படுகைக்குள் வருவதெல்லாம் வரவு. பயிர் குடித்து ஆவியாவது பயனுள்ள செலவு. களையிலும் வெற்று மண்ணிலும் ஆவியாவது பயனில்லாத செலவு. உப்பு நிலத்திலோ சாக்கடையிலோ கலந்து கெடுவதும் செலவுதான். கீழே போவதில் கீழ்க்காரருக்கு உரியது எவ்வளவு, யாருக்கும் உரிமையாகாமல் மிஞ்சுவது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். உண்மையில் மிச்சப்படுத்தக் கூடியது பயனில்லாத செலவும், உரிமையில்லாத மிச்சமும் மட்டுமே. எங்க ஊர் ஏலக்கடையில் கணக்கப்பிள்ளை எழுதும் பேரேட்டைப் போலத்தான். ஆனால் இதை ஆற்றுக்கு எழுதலாம் என்று முறைப்படுத்தித் தந்தவர்களில் ஒருவர் நம் பேராசிரியர்.

அதே ஆண்டில் பக்ரா பாசனப் பகுதியைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்த குழுவுக்கும் அவரே முதன்மை ஆசிரியர். 2004-ல் ஏரிகளை உள்ளூர் அமைப்புகள் மூலம் மீட்பது பற்றி, மதுரை தானம் அறக்கட்டளையின் கோமதிநாயகம், துஷார் ஷா ஆகியோருடன் எழுதினார். 2007-ல் வெளியான ஒரு நூலில், மழைநீரைக் கிணற்றுக்கும் நிலத்துக்கும் திருப்பிய இந்திய விவசாயிகளின் இயக்கத்தைப் பதிவு செய்தார். குழாய், ஏரி, குளத்தொடர், படுகை என்று ஒவ்வொரு படியாக ஏறிய ஒரு வாழ்க்கை இது.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். கோடையில் ஏலச் செடிக்குத் தண்ணீர் தேவை. அதற்காகத் தோட்டங்களில் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டைகளும் ஆழ்துளைக் கிணறுகளும் வந்துவிட்டன. கீழே போடியில் தென்னையும் மாவும் சொட்டுநீருக்கு மாறுகின்றன. பதினெட்டாம் கால்வாய் பெரியாற்றுத் தண்ணீரைப் போடி வட்டாரம் நோக்கிக் கொண்டுவருகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல காரியமே. யாரையும் குறை சொல்ல முடியாது. தோட்டக்காரருக்கும் கடன் உண்டு. கீழே நெல் போட்டவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. ஆனால் மேலே தாள் விரித்துத் தேக்கிய தண்ணீர், முன்பு சருகுக்குள் ஊறிக் கொட்டகுடி ஆற்றுக்குக் கோடைக் கசிவாக வந்திருக்கக் கூடியது. சொட்டுநீரில் மிச்சமானதை வைத்துத் தோப்பை விரித்தால், பக்கத்துக் கிணற்றுக்கு என்ன ஆகும்? இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால்தான் தெரியும். சண்டை வந்த பிறகு எழுதுகிற கணக்கை எந்தத் தரப்பும் நம்பாது. இப்போதே எழுத வேண்டும்.

வெள்ளத்துக்கும் இது பொருந்தும். 1924-ல் பெய்த மழை மூணாறுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையே துடைத்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலையைக் கொட்டகுடிக்கு இழுவைக் கம்பியில் இறக்கிய காலம் அது. பாதையும் பாலமும் கட்டுகிற நமக்கு, மலை எத்தனை தண்ணீரைப் பிடித்து வைக்கும், எத்தனையை அவிழ்த்து விடும் என்ற கணக்கு அவசியம்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள். நம் கையில் இப்போது மதிப்பீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆனால் அளக்கத் தெரியும். அவரவர் ஊர்ப் பள்ளியில் ஒரு மழைமானியும், நாலு கிணறுகளின் நீர்மட்டம் எழுத ஒரு நோட்டும் வைத்துப் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். பெரிய செலவில்லை. பத்து வருடம் விடாமல் எழுதினால், மேலூரும் கீழூரும் உட்கார்ந்து பேச அதுவே ஆதாரம். சங்கம் இதை ஒரு பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். கொட்டகுடி ஆற்றுக்கான நோட்டை நான் வாங்கித் தருகிறேன்.

சந்திப்பு சிறக்க வாழ்த்துக்கள். மழை பெய்யட்டும்!