அணைக்குக் கீழே பெய்த மழை: 2023 தாமிரபரணி வெள்ளம் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆற்றில் வெள்ளம் என்றால் அணை திறக்கப்பட்டது என்றே பொருள்கொள்வது நம் நிர்வாகத்தில் ஊறிய பழக்கம். அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, வெளியேற்றம் எத்தனை கனஅடி என்ற இரண்டு எண்களே பெரும்பாலும் எச்சரிக்கையாக ஊர்களைச் சென்றடைகின்றன. தாமிரபரணியின் கீழ்ப்பகுதிக்கு இவ்விரு எண்களும் போதா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் தென்மாவட்டங்களில் அதிகனமழை கொட்டியது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., மாஞ்சோலையில் 55 செ.மீ. மழை பதிவானது. இந்நான்கில் மாஞ்சோலை மட்டுமே தாமிரபரணி அமைப்பின் அணைகளுக்கு மேலுள்ள மலைப்பகுதி. மற்ற மூன்றும் சமவெளியிலும் கடலோரத்திலும் உள்ளவை. அங்கே விழுந்த நீரைப் பாபநாசம் அணையோ மணிமுத்தாறு அணையோ தடுத்திருக்க வழியில்லை.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். காயல்பட்டினத்தின் உச்ச அளவை விட்டுவிட்டு ஸ்ரீவைகுண்டத்தின் 62 செ.மீ. அளவையே எடுத்துக்கொள்வோம். அம்மழை 46 சதுர கிலோமீட்டரில் பெய்தால் ஏறத்தாழ 1 டி.எம்.சி. (நூறு கோடி கனஅடி) நீர் சேரும். 250 சதுர கிலோமீட்டரில் பெய்தால், பாபநாசம் அணையின் மொத்தக் கொள்ளளவான 5.5 டி.எம்.சி.க்கு நிகராகிவிடும். மலையிலிருந்து இறங்கிய நீரும் சீவலப்பேரியில் கலக்கும் சிற்றாற்று நீரும் இதற்கு மேல்.

இந்த நீரை முதலில் எதிர்கொண்டவை குளங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிரியும் வடகால், தென்கால் பாசனத்தில் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேற்குளம் நிரம்பி மறுகால் (உபரிநீர் வழியும் வாய்) பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்துக்குச் சேரும். கரை உடைந்தாலோ, மெல்ல வரவேண்டிய நீர் ஒரே மூச்சில் வந்து அடுத்த கரையையும் சோதிக்கும். தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்ததில் கோரம்பள்ளம் குளத்தின் உடைப்புக்கும் பங்குண்டு. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட, செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர்.

இத்தகைய மழையை எந்தக் குளமும் தாங்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் தாங்குவது வேறு, உடைப்பைத் தள்ளிப்போட்டு ஊரைக் காலிசெய்ய அவகாசம் பெறுவது வேறு. அந்த அவகாசம் மறுகாலின் அகலத்தையும், வடிகாலில் மண்டிய சீமைக்கருவேலத்தையும், மழைக்கு முன் குளத்தில் இருந்த வெற்றிடத்தையும் பொறுத்தது.

வெற்றிடம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பிசான பருவ நெல் சாகுபடிக்கு டிசம்பரில் குளம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்துக்கோ அதே மாதத்தில் குளத்தில் இடம் வேண்டும். கடைமடை விவசாயியிடம் குளத்தைக் குறைத்து வை என்று சொல்வதாயின், மழை பொய்த்தால் அவருக்குரிய நீருக்கு யார் பொறுப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். இது பொறியியலால் மட்டும் தீரும் கேள்வியன்று.

எனவே தாமிரபரணியின் வெள்ள எச்சரிக்கையில் அணை மட்டத்தோடு குளங்களின் மட்டமும், சமவெளி மழையளவும், சிற்றாற்று நீர்வரத்தும் சேர வேண்டும். எந்தக் குளம் உடைந்தால் எந்த ஊர் மூழ்கும் என்ற வரைபடம் ஒவ்வோர் ஊராட்சியிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இருக்க வேண்டும். பாபநாசத்தின் அளவுகோலை மட்டும் பார்த்து ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஏரலையும் ஆத்தூரையும் காக்க முடியாது.