அறாத கம்பியும் அறுந்த தொடர்பும்: 1986 இன் வலையமைப்பு நெரிசல்

தரவுத்தளச் சேவையகத்தோடு ஒரு கணனி கொண்ட தொடர்பு இடைநடுவே அறுமாயின், கம்பி பழுதென்றோ பொறி பழுதென்றோ கொள்வதே பெருவழக்கு. இக்கொள்கை எப்போதும் பொருந்தாதென்பதற்கு 1986 ஒக்ரோபரில் கலிபோர்ணியாவில் நிகழ்ந்ததொன்று தக்க சான்றாகும்.

லோறன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்திற்கும் அதனை அடுத்துள்ள பல்கலைக்கழகத்திற்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 400 யார். அவ்விரண்டிற்குமிடையே விநாடிக்கு 32,000 பிற்றுகளாகச் சென்ற தரவு, 40 பிற்றுகளாகக் குன்றிற்று. 40 பிற்றுகளெனின் 5 ஆங்கில எழுத்துகள். தேர்ந்த தட்டெழுத்தாளரின் விரல்கள் இவ்வலையமைப்பை வென்றிருக்கும்! கம்பியோ எங்கும் அறவில்லை.

காரணத்தை ஆராயப் புகுந்த வான் ஜேக்கப்சன், மைக்கல் கரல்ஸ் ஆகியோர் கண்டது யாது? 1974 இல் வின்ரன் சேர்வ், றொபேட் கான் ஆகியோர் வகுத்த நெறிமுறையில், தரவு சிறுசிறு பொதிகளாகச் செல்லும். ஒரு பொதி கிடைத்தமைக்கான அறிவிப்பு உரிய காலத்துள் வராவிடின் அதனை மீண்டும் அனுப்புதல் வேண்டும். தனியொருவர் செயலாக நோக்கின் இது குற்றமற்ற விதியே. ஆயின், இடைவழியில் பொதிகளை ஏற்றுக் கடத்தும் பொறியில் அவை குவிந்து தாமதித்தபோது, தாமதத்தை இழப்பென மயங்கிய கணனிகள் பலவும் மீளனுப்பின. குவியல் வளர்ந்தது, நிரம்பி வழிந்தவை உண்மையாகவே இழக்கப்பட்டன, அவையும் மீண்டும் அனுப்பப்பட்டன. ஒரே பொதியைப் பன்முறை சுமப்பதிலேயே வலையமைப்பின் ஆற்றல் கழிந்தது. இத்தகைய நிலையில், பன்முறை அனுப்பியும் விடை பெறாத கணனி ஈற்றில் தொடர்பையே முறித்துக்கொள்ளும்.

இவ்வாபத்தை 1984 இலேயே ஜோன் நேகிள் எழுதிவைத்திருந்தார். ஆர்ப்பாநெற் வலையமைப்பிலிருந்த மிகை ஆற்றலே இந்நோயை மறைத்து நின்றதென்பதையும் அவர் சுட்டினார். எனவே 1986 இல் நிகழ்ந்ததை எவரும் எதிர்பாராத விபத்தெனல் பொருந்தாது.

1988 இல் வெளியான தீர்வு கம்பியையோ இடைப்பொறியையோ மாற்றவில்லை. அனுப்பும் கணனியின் ஒழுக்கத்தையே மாற்றியது. சிறிதாகத் தொடங்கி, அறிவிப்புகள் வரவர அளவைப் பெருக்கி, இழப்பு நேரின் உடன் சுருக்குமாறு அது விதித்தது. காத்திருக்கும் காலமும் பொதியின் போக்குவரவு நேரத்திலுள்ள ஏற்றத்தாழ்வுக்கேற்பக் கணிக்கப்பட்டது. பேர்க்கிலி யுனிக்ஸ் பதிப்பின் வாயிலாக இவை பரவின.

எனினும் இத்தீர்வு ஓர் எடுகோளின்மீதே நின்றது. பழுதுற்று இழக்கப்படும் பொதிகள் நூற்றுக்கு ஒன்றிலும் மிகக் குறைவாதலின், இழப்பென்பது நெரிசலின் அறிகுறியே என்பது அவ்வெடுகோள். கம்பிவழிக்குப் பொருந்திய இது, பின்னர் வானொலி அலைவழித் தொடர்பில் இடர்ப்பட்டது. அங்கு இரைச்சலாற் சிதைந்த பொதியையும் நெரிசலுக்குச் சான்றெனக் கொண்டு, வழி வெறுமையாய்க் கிடக்கவும் கணனி தயங்கி நின்றது.